கையில் பணம், கணக்கில் கடன்

1963 ஜூனில் பாரிஸுக்குத் தெற்கே சாந்த்-ஜெனவியேவ்-தே-புவா என்ற ஊரில் கார்ஃபூர் நிறுவனம் 2,500 சதுர மீட்டரில் ஒரு ஹைப்பர்மார்க்கெட் திறந்தது. மளிகை, இறைச்சி, துணிமணி எல்லாம் ஒரே கூரையின் கீழ். பில் போட 12 கவுன்ட்டர், வெளியே 400 கார் நிறுத்த இடம். பன்னிரண்டே ஆண்டுகளில், 1975இல், அதே நிறுவனம் பிரேசிலில் கடை வைத்துவிட்டது. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் 1973 டிசம்பரில் வந்த ரோயே சட்டம். அதன்படி பெரிய ஊர்களில் 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைக்கு வட்டாரக் குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் குழுவிலோ சிறு வணிகர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூரில் கதவு சாத்தப்பட்டதால் வெளியே போனார்கள் என்பது உண்மைதான், ஆனால் பாதிதான். சட்டம் வருமுன்பே, 1969இல், பெல்ஜியத்துக்குப் போயிருந்தார்கள். தவிர, வெளியே தள்ளுகிற சட்டம் வழிச்செலவுக்குப் பணம் தராது.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு சப்ளையர்களுடையது என்பதே என் வாதம். பிஸ்கட் பாக்கெட் ஒரு வாரத்தில் விற்றுவிடும். அதற்கான தொகையை பிஸ்கட் கம்பெனிக்குக் கொடுக்க ஒரு மாதமோ அதற்கு மேலோ தவணை. இடைப்பட்ட நாட்களில் கல்லாவில் சேரும் பணம் வட்டியில்லாக் கடன். கடனுக்குச் சரக்கெடுப்பது எல்லா வியாபாரிக்கும் உள்ளதுதானே என்று கேட்கலாம். பிரேசிலின் தெருமுனைக் கடைக்காரரும் அப்படித்தான் எடுத்தார். ஆனால் வாடிக்கையாளருக்கு அவர் விற்றதும் கடனுக்குத்தான், கணக்கு நோட்டில் எழுதி. பணவீக்கத்தில் அந்த நோட்டு நாளுக்கு நாள் தேய்ந்தது. ஹைப்பர்மார்க்கெட்டோ வாடிக்கையாளரிடம் ரொக்கமாக வசூலித்து முதலீட்டில் போட்டது. 1993இல் அங்கே பணவீக்கம் 2,000 சதவீதத்தைத் தாண்டியபோது, விற்பனை லாபத்தோடு இந்த இடைவெளியும் சம்பாதித்துக் கொடுத்தது.

அப்படியானால் ஜப்பானில் ஏன் தோற்றார்கள்? 2000இல் நுழைந்து 2005இல் கடைகளை ஏயான் என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே தென் கொரியாவிலிருந்தும் கிளம்பினார்கள். தவணைப் பணம் கடை கட்ட உதவும். வாடிக்கையாளரின் ருசியை வாங்கித் தராது. தவணையைக் கேட்டு வாங்கவும் கொள்முதல் பெருத்திருக்க வேண்டும். மொத்த வியாபாரிகள் வலுவாக இருந்த ஜப்பானில், விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகளை வைத்துக்கொண்டு யாரிடம் பேரம் பேசுவது? பிரேசிலிலேயே 1994இல் ரியால் நாணயம் வந்து பணவீக்கம் அடங்கியதும் பழைய சௌகரியம் போனது. 2007இல் கார்ஃபூர் அங்கே அட்டகடாவ் என்ற உள்ளூர் மொத்த விற்பனைக் கடைத்தொடரை வாங்கியது. பிறகு அந்த நாட்டில் அதன் வளர்ச்சியைத் தாங்கியது பிரெஞ்சுப் பாணிக் கடைகளல்ல, மூட்டையாகவும் பெட்டியாகவும் அடுக்கி வைத்து விற்ற இந்தக் கடைகள்தான்.