வளர்த்த வீடு

கணவனை இழந்த பார்ப்பனப் பெண்ணுக்கு மறுமணத்தை மறுத்த சாதியே, அவள் கருவுற்றால் சிசுக்கொலைக்கும் தள்ளியது. 1863இல் புனேயில் ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும் அப்பெண்களுக்காகத் தம் வீட்டில் ஓர் இல்லம் திறந்தார்கள். மறைவாகப் பிள்ளை பெறலாம். விட்டுச் செல்லவும் செய்யலாம். அப்படி ஒரு விதவைக்குப் பிறந்த யஷ்வந்தை, மாலி சாதியினரான அவர்கள் தத்தெடுத்துப் படிக்கவைத்தார்கள். அவர் மருத்துவரானார்.

1890இல் பூலே மறைந்தார். தத்துப்பிள்ளைக்குக் கொள்ளியுரிமை இல்லையென உறவினர் மறித்தார்கள். சாவித்திரிபாயே சட்டியேந்தி முன்னே நடந்தார். 1897இல் மகனின் மருத்துவமனைக்குப் பிளேக் நோயாளிகளைச் சேர்த்த அவர், அந்நோய்க்கே பலியானார்.

தோழர்களே, ஆதரவற்ற பிள்ளையை ஒரு குடும்பம் ஏற்று வளர்க்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழிசெய்கிறது. 18 வயது முடிந்து இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்கு 21 வரை பிற்காப்பு உதவியும் அதில் உண்டு. ஆனால் ஊர் மறிக்கும்போது கூட நிற்பது சட்டத்தால் ஆகாது. அதற்கு ஒரு வீடு வேண்டும். வாசலுக்கு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் சாதியைக் கேட்டால், சாவித்திரிபாய் படத்துக்கு மாலையிட நமக்கு என்ன தகுதி?