நல்லி இல்லாத மாலுமி

பிம்ப்ரிக்காரர்களான நமக்குக் கம்பெனிச் சங்கு தெரியும், கப்பல் சங்கு தெரியாது. நான் இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்ததே என் அக்கா மகனால்தான். தூத்துக்குடியிலிருந்து வந்து என் வீட்டில் தங்கி, கப்பல் வேலைக்காக மும்பைக்கு அலைந்துகொண்டிருந்தான். ஒருநாள், "மாமா, சர்டிபிகேட் கைக்கு வந்துட்டு, ஏஜெண்டு ரெண்டு லட்சம்தான் வாங்கினாரு" என்று நீட்டினான். ஒரு நாள்கூடப் பயிற்சிக்குப் போகாதவனுக்குத் தீயணைப்புப் பயிற்சிச் சான்றிதழ்! நடுக்கடலில் தீப்பிடித்தால் 101-ஐயா கூப்பிடுவது? நன்றாக வைதேன்.

அந்தக்கால லஸ்கர் மாலுமிகள் தங்கள் பணிவிடுப்புச் சான்றை 'நல்லி' என்பார்கள். (நம்மூர் நல்லி எலும்பு அல்ல!) அது இல்லாவிட்டால் அடுத்த கப்பல் கிடையாது. வேலை பிடித்துக் கொடுத்த தரகர்களோ மாலுமிகளைக் கடனில் அமுக்கி வைத்திருந்தார்கள். தரகரை ஒழிக்கவேண்டும் என்று 1922-லேயே கிளோ குழு சொன்னது. பம்பாயில் மாலுமிகள் வேலைவாய்ப்பு அலுவலகம் வந்ததோ 1948-ல்தான்.

குற்றம் யாருடையது? பிரிட்டனில் 1850-ல் கப்பல் தலைவர்களுக்கும் துணைவர்களுக்கும் தேர்வு கட்டாயமானது. 1854 சட்டம், சான்றிதழ் உண்டா என்று விசாரித்தறியாமல் அவர்களை வேலைக்கு வைத்தவருக்கும் 50 பவுன் வரை அபராதம் விதித்தது. 'தெரியாம வச்சுட்டேன்' என்ற சாக்குக்கு அப்போதே இடமில்லை. இந்தியாவின் 1958 வணிகக் கப்பல் சட்டமும், பணிவிடுப்புச் சான்று இல்லாத மாலுமியை இந்தியத் துறைமுகத்திலிருந்து ஏற்றிச் செல்லத் தடை விதித்தது. வேலைக்காக மாலுமியிடம் காசு வாங்குவதையும் தடுத்தது. 2005 விதிகள் ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கின. 1958 சட்டத்தின் இடத்துக்கு 2025-ல் பாராளுமன்றம் புதுச்சட்டம் இயற்றியது.

உலக அளவில், மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய 1978 உடன்படிக்கையை 1995-ல் திருத்தினார்கள். ஒவ்வொரு நாடும் மூவருக்குத் தண்டனை வகுக்கவேண்டும்: சான்றில்லாதவரை அமர்த்திய கம்பெனி, பணிசெய்ய விட்ட கேப்டன், மோசடிச் சான்றால் வேலை பெற்றவர். 2001-ல் கார்டிஃப் ஆய்வு மையம் சர்வதேசக் கடல்சார் அமைப்புக்காக எண்ணியபோது 12,635 போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன.

அந்த மூவரில் தரகன் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாமவன் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான். காசைப் பறிகொடுத்தவனும் அவனே.

ஏஜெண்டு ஆபீசில் பூட்டு தொங்கியது. பையன் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டு, முறையாகப் படித்து, இரண்டு வருடம் கழித்துக் கப்பலேறினான். அந்த ரெண்டு லட்சம் அக்காவின் வளையல். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நான் வைததைத்தான் இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.