கரட்டு மேட்டில் வட்டாட்டம்: விருத்தாசலம் முந்திரித் தோப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஆடுகளம் வேண்டும் என்றதும் நாம் முதலில் தேடுவது புல்டோசரை. மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மரத்தை அகற்றிய பிறகே ஆட்டம் தொடங்குகிறது. டிஸ்க் கோல்ஃப் இந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்கும் விளையாட்டு. கையால் வட்டை வீசி, தொலைவில் நட்ட சங்கிலிக் கூடையில் மிகக் குறைந்த வீச்சுகளில் சேர்ப்பதே இதன் சாரம். நிலம் கரடாக இருக்க இருக்க ஆட்டம் செறிவடைகிறது. எனவே, உழவர் தம் நிலத்தை நிலமாகவே வைத்துக்கொண்டு ஊருக்கு ஓர் ஆடுகளத்தையும் தர இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அமெரிக்க முன்மாதிரி ஒன்றைக் கொண்டு, விருத்தாசலம் சுற்றுவட்டாரச் செம்மண் மேட்டுநிலத்தில் அக்கருதுகோள் இங்கு ஆராயப்படுகிறது.

2. வட்டின் வரலாறு

2.1 தமிழ்நிலத்தில்

கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டச் சில்லுகள் பல கிடைத்துள்ளன. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய அச்சில்லுகளின் வழிவந்தவற்றைத்தான் நம் பிள்ளைகள் பாண்டிக் கட்டத்தில் இன்றும் எறிகிறார்கள். நிறைந்த நூலறிவின்றி அவையில் பேசுவதை, அரங்கு வகுக்காமல் வட்டு ஆடுவதற்கு ஒப்பிடுகிறது 401ஆம் குறள். எந்த ஆட்டத்துக்கும் அரங்கே முதல் என்பது அங்கேயே நிலைபெற்றுவிட்டது.

2.2 கலிஃபோர்னியாவில்

பிளாஸ்டிக் வட்டு பரவலானது 1957இல். அவ்வாண்டு வாம்-ஓ நிறுவனம் ஃபிரெட் மோரிசன் வடிவமைத்த வட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான டிஸ்க் கோல்ஃப் களத்தை அமைத்தார். மரங்களையும் கம்பங்களையும் குறியாகக் கொண்டிருந்த ஆட்டத்துக்குச் சங்கிலிக் கூடையைத் தந்தவரும் அவரே. 1976இல் தொழில்முறைச் சங்கம் உருவானது. 1983இல் சரிவு விளிம்பு கொண்ட வட்டு வந்தபின் வீச்சுத் தொலைவு பெருகியது.

3. ஆட்டத்தின் கட்டமைப்பு

ஒரு முழுக் களத்தில் பெரும்பாலும் 18 கூடைகள் இருக்கும். 9 கூடைகளோடும் ஆடலாம். வட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு. கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசியபின் உடல் நிலைகொள்ளும்வரை முன்னே அடியெடுத்து வைக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே போனாலோ, மூன்று நிமிடம் தேடியும் வட்டு கிடைக்காவிட்டாலோ ஒரு வீச்சு தண்டம். வட்டின் எடை, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமைத் தாண்டக் கூடாது, 21 செ.மீ. வட்டுக்கு இது ஏறத்தாழ 174 கிராம். ஆடுவோரே விதிகளைக் காத்துக்கொள்வது வழக்கம் என்பதால் சிறு ஊரிலும் இது சாத்தியமாகிறது.

4. கரட்டு நிலத்தின் இயக்கவியல்

4.1 ஏற்றமும் இறக்கமும்

வலக்கையர் புறங்கையாக வீசும் வட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகம் மிகுந்திருக்கையில் அது வலப்பக்கம் சாய முற்படும். வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் இறங்கும். ஏற்றத்தை நோக்கி வீசினால் முன்விளிம்பு எளிதில் தூக்கிக்கொள்ளும். வேகம் விரைவில் வடிந்து, இடச்சாய்வும் முன்கூட்டியே வந்துவிடும். இறக்கத்தில் வட்டு காற்றில் தங்கும் நேரம் கூடுவதால் சிறு பிழையும் பெரும் விலகலாகும். ஆகவே கரட்டு நிலத்தில் தோள்வலுவைவிடக் கணிப்பே வெல்கிறது.

4.2 காற்று

எதிர்க்காற்று வட்டை மேலே தூக்கி வலச்சாய்வைக் கூட்டும்; பின்காற்று கீழே அழுத்தி இடச்சாய்வை விரைவாக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நூற்றெழுபது கிராம் வட்டுக்கு அக்காற்று அன்றாடத் தேர்வாகவே அமையும்.

5. தனியார் நிலம்: ஒரு முன்மாதிரி

மலைப்பகுதியில் கோல்ஃப் தமிழகத்துக்குப் புதிதன்று; கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. ஆனால் கோல்ஃபுக்கு மழித்த புல்லும் விடாத பராமரிப்பும் வேண்டும். டிஸ்க் கோல்ஃபுக்குத் தேவை கூடையும், வீசுவதற்கு ஒரு சமதளத் திண்ணையும், நடக்க ஒரு பாதையும்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெஸ்டர் ஊரிலுள்ள மேப்பிள் ஹில் களம் இதற்குச் சான்று. கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் தனியார் பண்ணைக்குள், குளமும் மேடும் காடும் கலந்த நிலத்தில் அது அமைந்துள்ளது. தொழில்முறைச் சுற்றின் முக்கியப் போட்டி ஒன்று அங்கே நடக்கிறது. பயிரும் ஆட்டமும் ஒரே நிலத்தில் கூடிவாழ முடியும் என்பதே அது தரும் பாடம்.

6. விருத்தாசலம் வட்டாரம்

6.1 நிலமும் பருவமும்

விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டுநிலத்தில் முந்திரித் தோப்புகள் விரிந்து கிடக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் விருத்தாசலத்தில் உள்ளது. பரிந்துரைக்கப்படும் நடவு இடைவெளி 7 மீட்டர். முதிர்ந்த தோப்பில் கிளைகள் தாழ்ந்து ஒன்றோடொன்று கூடிவிடும். எனவே வீச்சுத் தடங்களை வண்டிப் பாதை, வரப்பு, மழைநீர் அரித்த ஓடைக்கரை ஆகியவற்றை ஒட்டியே வகுக்க வேண்டும்.

பூக்கும் காலத்திலும், மார்ச் முதல் மே வரையிலான அறுவடையிலும் ஆட்டம் கூடவே கூடாது. ஜூன் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் வரை ஏற்ற காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இவ்வட்டாரத்தின் முந்திரியைச் சாய்த்துப் போட்டது. அதன்பின் கன்று நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் மரத்தில் ஒரு பூங்கொத்துகூட விளையாட்டால் உதிரக் கூடாது. இது நிபந்தனைகளுள் முதலாவது.

6.2 இடர்கள்

தேடல் விதியின் மூன்று நிமிடங்கள் இங்கே கவனத்தோடு கழிய வேண்டியவை. முந்திரிச் சருகுக்குள் விரியன் கிடக்கலாம். கையை விடுமுன் கோலால் கிளற வேண்டும், காலில் கனத்த செருப்பு வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுகள் மற்றோர் ஆபத்து. கிணற்றுப் பக்கம் எந்தத் தடமும் செல்லலாகாது. அதைச் சுற்றி வேலியிட்டு எல்லைக்கு வெளியே என்று அறிவித்துவிட வேண்டும். நில உடைமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல், ஆடும் நாட்கள், சேதத்துக்குப் பொறுப்பு ஆகியவற்றை முன்னதாகவே பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

6.3 செராமிக் நகரின் பங்கு

அகல் விளக்கும் பொம்மையும் மின்சாதனப் பீங்கானும் செய்து பழகிய ஊர் விருத்தாசலம். கூடை எண், தொலைவு, தடத்தின் வரைபடம் ஆகியவற்றைத் தாங்கும் பலகைகளை இங்கேயே மெருகிட்ட செராமிக்கில் சுடலாம். தகரம் துருப்பிடிக்கும், மரம் செல்லரிக்கும். சுட்ட மெருகு வெயிலையும் மழையையும் தாங்கும். இதனால் உள்ளூர்ச் சூளைகளுக்கும் ஒரு புதிய வேலை பிறக்கும்.

7. முடிவுரை

டிஸ்க் கோல்ஃப் அரங்கை வெட்டி உருவாக்குவதில்லை. நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் அரங்கை வாசித்தெடுக்கிறது. அதற்கு முதலில் நிலத்தை அறிந்தவர் வேண்டும்: எந்தச் சரிவில் நீர் ஓடும், எந்த மரம் காய்க்கும், காற்று எப்போது திரும்பும் என்று தெரிந்த தோப்புக்காரர். எனவே களவடிவமைப்பில் அவரே முதல் ஆலோசகராக இருக்க வேண்டும். விலைபோகாத மேடு என்று ஒதுக்கப்பட்ட நிலத்தை மனைப்பிரிவாக வெட்டித் தீர்க்குமுன், ஒரே ஒரு தோப்பில், ஒன்பது கூடைகளோடு, ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளை முதல் ஆட்டக்காரர்களாக அழைத்து, பருவ முடிவில் மரத்தின் நிலையைத் தோப்புக்காரரே மதிப்பிடட்டும். அந்த மதிப்பீடே இக்கருதுகோளுக்கு உரிய சோதனை.