வண்டலில் பிறந்த மீன்பெயர்

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குக் குளிக்கப் போகிறவர்கள் சேத்தாராவில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பழைய காவல் கோபுரம், அதன் அடியில் சின்னக் கடற்கரை, மீன்படகுகள். இந்த ஊருக்குப் பெருமை, உப்பில்லாமல் வேகவைத்த ஸ்பகெட்டி. பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு அடர்பழுப்பான ஒரு சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுவார்கள். உப்பும் மணமும் அதிலிருந்தே வருகின்றன. அதற்குக் கொலத்தூரா தி அலிச்சி என்று பெயர், நெத்திலி வடிநீர்.

தலையும் குடலும் நீக்கிய நெத்திலியை மரத்தொட்டியில் உப்போடு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பலகை போட்டுக் கல்லை ஏற்றுகிறார்கள். மாதக்கணக்கில் ஊறியபின் அடியில் துளையிட்டால் சாறு வடியும். 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் ஊர்ப்பெயருக்குக் காப்பு வழங்கியது.

பண்டம் மிகப் பழையது. ரோமானியர் இதன் மூதாதையைக் காரும் என்றனர். (நம் காரத்துக்கும் இதற்கும் உறவில்லை.) கிரேக்கர் காரோஸ் என்றழைத்த மீனில் முதலில் செய்ததால் வந்த பெயர் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அவர் காலத்திலோ கானாங்கெளுத்தி இனத்துச் சாறே உயர்ந்தது. ஏறக்குறைய ஆறரை லிட்டர் ஆயிரம் செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு விலை போனது. மலைக்கு அப்பால் உள்ள பொம்பெயியில் காரும் வணிகர் ஸ்காரஸ், தன் சாற்றுக் குப்பிகளை வீட்டுத் தரையிலேயே வண்ணக்கல் சித்திரமாகப் பதித்திருந்தார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயியை மூடியது. பிளினியும் அப்போது அருகிலிருந்த ஸ்தாபியே கரையில் இறந்தார். காரும் கடல் கடந்தும் போனது: ஸ்பெயின் நாட்டுக் காரும் சாடிகளின் உடைசல் நம் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கிறது.

என்னை ஈர்ப்பது காரும் அல்ல, அதன் வண்டல். வடித்தபின் அடியில் தங்கும் குழம்புக்கு அல்லெக் என்று பெயர். ஆலிவ் தீர்ந்துபோனால் அடிமைகளுக்கு அல்லெக்கும் காடியும் கொடுக்கச் சொல்கிறார் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கேட்டோ. பெயர் தந்த காரோஸ் எந்த மீன் என்பது பின்னாளில் மறந்தே போயிற்று. அல்லெக்கோ எதிர்த்திசையில் நடந்தது: இத்தாலிய மொழியில் அதுவே அலிச்சி ஆகி, நெத்திலி மீனையே குறிக்கத் தொடங்கியது. காரணத்தையும் பிளினியிடமே காணலாம். வேறெதற்கும் உதவாத மிகச் சிறு மீனிலிருந்து அல்லெக்கைத் தனியாகவே செய்யத் தொடங்கினார்கள் என்றும், அந்த மீனைக் கிரேக்கர் அஃபுவே என்பர் என்றும் எழுதுகிறார். நெத்திலிக்கு இத்தாலியரிடம் அச்சூகா என்று இன்னொரு சொல் உண்டு. அது அஃபுவேயின் வழிவந்தது என்பது மொழியறிஞர் பலரின் முடிவு.