பழங்கொடிச் சிவப்பு ஒயின்: நந்தி மலை அடிவாரத்தில் அது சாத்தியமா?

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள கங்காதர நெல்லூரும், கர்நாடகத்தின் நந்தி மலையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கு 13 டிகிரியை ஒட்டி அமைந்துள்ளன. முன்னது மாந்தோப்புகளும் கரும்பு வயல்களும் நிறைந்த வட்டாரம். பின்னதன் அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் அருகே, 1988-ஆம் ஆண்டு முதல் பிரான்ஸ் நாட்டு ஒயின் திராட்சைகள் வணிக முறையில் பயிரிடப்பட்டு வருகின்றன. இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் உயரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இரவுகள் குளிர்ச்சியாக இருப்பதால், பழத்தின் புளிப்பு முழுவதும் அழிந்துவிடுவதில்லை.

தொழிலதிபர் கன்வல் குரோவர் தொடங்கிய இத்தோட்டத்துக்கு ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் ஆலோசனை வழங்கினார். பல வகைக் கொடிகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. 1990-களில் போர்டோ பகுதியின் புகழ்பெற்ற ஒயின் வல்லுநர் மிஷெல் ரோலான் ஆலோசகராக இணைந்தார். கபர்னே சோவின்யோன், ஷிராஸ் திராட்சைகளைக் கலந்து ஓக் மரப் பீப்பாயில் முதிர்விக்கப்படும் ‘லா ரிசர்வ்’ இந்நிறுவனத்தின் அறியப்பட்ட சிவப்பு ஒயின். 2012-இல் நாசிக்கின் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து, குரோவர் ஜம்பா என்ற பெயரைப் பெற்றது.

1988-இல் நடப்பட்ட ஒரு கொடிக்கு 2023-இல் 35 வயது நிறைவடைகிறது. இந்த எண் தற்செயலானதன்று. பன்னாட்டுத் திராட்சைக்கொடி மற்றும் ஒயின் அமைப்பு (ஓ.ஐ.வி.) 2024-இல் நிறைவேற்றிய தீர்மானம், 35 ஆண்டுகளைக் கடந்ததாக ஆவணச் சான்றுள்ள கொடியையே ‘பழங்கொடி’ என வரையறுக்கிறது. ஒரு தோட்டம் அத்தகுதியைப் பெற, அதிலுள்ள கொடிகளில் குறைந்தது 85 சதவீதம் அந்த வயதை எட்டியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு இன்னும் நுணுக்கமாக 35, 70, 100, 125 ஆண்டுகள் என நான்கு படிநிலைகளை வைத்துள்ளது. அங்கு 1843-இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகளிலிருந்து இன்றும் ஒயின் எடுக்கப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா எனும் வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாததே அதற்குக் காரணம்.

வயது கூடக்கூடக் கொடியின் விளைச்சல் குறைகிறது. தடித்த தண்டிலும் ஆழ்ந்த வேரிலும் சேமித்த மாவுச்சத்து, வறட்சி ஆண்டுகளில் அதைத் தாங்குகிறது. இதனால் பழத்தின் தரம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் தவறான இடத்தில் நட்ட கொடி, நூறு ஆண்டு ஆனாலும் நல்ல பழம் தராது. விற்பனையாளர்கள் பொதுவாகச் சொல்லாமல் விடும் செய்தி இது.

வெப்பமண்டலத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் கொடி குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது. தென்னிந்தியாவில் அதற்கு உறக்கமே இல்லை. எனவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கின்றனர்: அறுவடைக்குப் பின் கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழத்துக்காக மறுமுறை. ஓய்வின்றி வளரும் கொடியின் சேமிப்பு விரைவில் கரைகிறது. ஆகவே 35 வயதை எட்டுவது இங்கு பிரான்சைக் காட்டிலும் கடினம்.

‘குறைந்த தலையீடு’ என்பது ஆலைக்குள் கடைப்பிடிக்கப்படும் முறை. பழத்தோலில் இயல்பாகவே உள்ள ஈஸ்ட் கொண்டு நொதிக்க விடுவது, சர்க்கரையோ அமிலமோ சேர்க்காமை, வடிகட்டாமை, கந்தக டை ஆக்சைடை மிகக் குறைவாகப் பயன்படுத்துவது ஆகியவை இதன் கூறுகள். பிரான்சில் 2020-இல் ஏற்கப்பட்ட ‘வேன் மெத்தோட் நத்யூர்’ சாசனம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சல்ஃபைட் வரையே அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கான உச்சவரம்பு 150 மில்லிகிராம். தோலிலுள்ள டானின் ஓரளவு காவலாக இருப்பதால், வெள்ளை ஒயினைவிடச் சிவப்பில் இம்முறை எளிது.

வெப்பப் பகுதிகளில் இடர் தொடங்குவது புளிப்புக் குறைவிலிருந்துதான். ஒயினின் பி.எச். அளவு 3.4-லிருந்து 4.0-ஆக உயர்ந்தால், கந்தக டை ஆக்சைடில் நுண்ணுயிரைத் தடுக்கும் பகுதி ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சுருங்கும். அதாவது, கந்தகத்தைக் குறைக்க விரும்புபவருக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. கவனம் பிசகினால் ஒயின் காடியாகும், அல்லது தொழுவ நாற்றம் ஏறும். எனவே வெப்பநாட்டு ஆலைகளில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வழக்கமான நடைமுறை. சேர்க்காமல் ஒயின் எடுக்க வேண்டுமெனில், புளிப்பு எஞ்சியிருக்கும்போதே, அதிகாலைக் குளிரில் பழத்தைப் பறித்தாக வேண்டும். தலையீட்டைக் குறைப்பதற்கான உழைப்பு தோட்டத்தில் இரட்டிப்பாகிறது.

நந்தி மலையைச் சுற்றி இவற்றைவிடப் பழைய மரபு ஒன்றும் உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற ‘பெங்களூரு நீலம்’ திராட்சை, பழச்சாறுக்கும் மலிவான இனிப்பு ஒயினுக்கும் பயன்படுகிறது. அமெரிக்கத் திராட்சை இனத்தின் வழிவந்த இதன் கடுமணத்தால், உயர்தரச் சிவப்பு ஒயின் தயாரிப்பில் இது இடம்பெறுவதில்லை.

வடிகட்டாத ஒயினில் அடிவண்டல் தங்குவது குறையன்று. ஆனால் குளிரூட்டப்படாத கடையில் கோடை முழுவதும் நின்ற புட்டியைத் தவிர்ப்பது நல்லது. ‘இயற்கை’ என்ற பெயரால் உடல்நலக் கேடு குறையும் என்ற எண்ணத்துக்கும் அடிப்படை இல்லை. இவ்வகை ஒயினிலும் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. பாதுகாப்பான அளவு என ஆல்கஹாலுக்கு எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்தது.