குழியும் வரியும்

கிரேவ்டிகாஸ் என்று தமிழெழுத்தில் எழுதிய உடனேயே அந்தப் பெயரின் பாதிச் சுவை போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 'கிரேவ் டிக்கர்ஸ்' என்றால் புதைகுழி வெட்டுவோர். அமெரிக்க ஹிப்ஹாப்பில் முன்பே பெயர் நாட்டியிருந்த நால்வர் (வூ-டாங் கிளானின் ரிஸா, டி லா சோலின் தொடக்க இசைத்தட்டுகளைத் தயாரித்த பிரின்ஸ் பால், ஃப்ருக்வான், டூ பொயட்டிக்) ஒன்றுகூடி 1994-இல் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, அந்தச் சொல்லின் ஈற்றிலிருந்த ரகரத்தை உதிர்த்து அகரமாக்கி, கடைசி 'எஸ்' எழுத்தை 'இசட்' ஆக்கிக்கொண்டார்கள்.

பிழை என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. 'பார்த்தான்' என்று எழுதிவிட்டுப் 'பாத்தான்' என்று பேசுகிற நமக்கு ரகரம் உதிர்வது புதிதல்ல. கறுப்பின அமெரிக்கர் தம் பேச்சில் உதிர்த்ததை எழுத்திலும் உதிர்த்தார்கள், அவ்வளவே. ஈற்றெழுத்தோ, ஆங்கிலேயர் 'எஸ்' என்று எழுதினாலும் அவ்விடத்தில் ஒலிப்புடன் 'இசட்' என்றே சொல்வது. 'பகல்' என்பதில் ககரத்தை எழுதி அதை மென்மையாக்கிச் சொல்லும் நமக்கு இதுவும் விளங்கும். ஆக, பள்ளிக்கூட எழுத்தைவிட இந்தக் 'கொச்சை' எழுத்துதான் காதுக்கு உண்மையாக இருக்கிறது.

இனிப் பெயரின் முற்பகுதி. 'கிரேவ்' என்னும் பெயர்ச்சொல் பழைய ஆங்கிலத்தில் தோண்டு, செதுக்கு எனப் பொருள்படும் 'கிராஃபன்' என்ற வினையோடு ஒரே வேரில் நிற்பது. கல்லிலும் செம்பிலும் பொறிப்பதைக் குறிக்கும் 'என்கிரேவ்' அதன் உறவு. இன்னோர் உறவைக் கண்டுகொண்ட நாளில் நான் எழுந்து கொஞ்சநேரம் உலாவ வேண்டியிருந்தது: இசைத்தட்டில் ஊசி ஓடுகிற வரிப்பள்ளத்துக்குப் பெயரான 'குரூவ்', பள்ளம் என்னும் பொருளில் அதே வேரிலிருந்து கிளைத்தது. பிணம் கிடக்கும் குழியும் பாட்டு கிடக்கும் வரியும் உடன்பிறந்தவை.

'டிக்' என்னும் தோண்டல் வினையோ இன்னும் வளமானது. பழைய இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கிளறித் தேடுவதையும் ஹிப்ஹாப்காரர்கள் 'டிக்' என்றே சொல்வார்கள். அதற்கு முன்பே, 1930-களின் ஜாஸ் பேச்சில், 'புரிந்துகொள், சுவை' என்ற பொருளும் அதற்கு ஏறியிருந்தது. இப்பொருள் மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியிலிருந்து வந்தது என்பாரும், தோண்டலிலிருந்தே விரிந்தது என்பாரும் உளர். எனக்குப் பின்னதே பிடித்திருக்கிறது. கல்லுதல் என்றால் தோண்டுதல். அந்தக் 'கல்'லிலிருந்துதான் கல்வி பிறந்தது என்று நம் சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்களே! மணற்கேணியைக் கல்விக்கு உவமை சொன்ன வள்ளுவரின் மொழிக்காரனுக்குத் தோண்டலிலிருந்து அறிதலுக்குப் போவது ஓர் எட்டுத் தொலைவுதான். மனத்தால் மடிந்துகிடப்போரைத் தோண்டி எழுப்புவதே தம் பெயரின் கருத்து என்று இக்குழுவினரும் விளக்கினார்கள்.

நால்வரும் சூடிய புனைபெயர்களில் ஒன்றைமட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பிரின்ஸ் பால் 'அண்டர்டேக்கர்' ஆனார். ஏதேனும் ஒரு பணியை மேற்கொள்பவர் யாருக்கும் பொதுவாயிருந்த இச்சொல், சாவைச் சொல்லக் கூசி, ஈமப்பணி மேற்கொள்பவருக்கே உரியதாகச் சுருங்கியது. சுடுகாட்டை நன்காடு என்ற நம் மங்கல வழக்கேதான்.

1995-இல் பிரிஸ்டல் நகரத்து இசைக்கலைஞர் டிரிக்கியோடு சேர்ந்து இக்குழு வெளியிட்டது 'தி ஹெல் இ.பி.'. மொத்தம் நான்கே தடங்கள். பிரிட்டன் விற்பனை வரிசையில் 12-ஆம் இடம். இ.பி. என்பதன் விரிவில் 'நீட்டித்த' என்ற சொல் இருக்கிறது, தட்டோ குறுந்தட்டு! தனிப்பாட்டைவிட நீளம், எல்.பி.யைவிடக் குறைவு. சொல்முதலில் ஒன்றரை மாத்திரையில் நிற்கும் ஐகாரக்குறுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஹெல்' நரகம் என்பது தெரிந்ததே. மறை, மூடு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்து 'மூடப்பட்ட இடம்' என்று நின்ற சொல் அது; நாம் வண்டியில் போகும்போது மாட்டிக்கொள்கிற ஹெல்மெட்டும் அவ்வேரிலிருந்தே வந்தது. நரகம் வடசொல், குறளில் வரும் அளறு நம்முடையது, சேறு என்பதே அதன் அடிப்பொருள். அவர்களுக்கு நரகம் மூடிய இடம், நமக்குக் கால் புதைகிற இடம். இந்தத் தட்டின் முதன்மைப் பாட்டு, நரகம் தெருமுனையில் இருக்கிறது என்று தலைப்பிலேயே சொல்வது. 1971-இல் ஐசக் ஹேய்ஸ் பதிந்த ஓர் இசைத்துண்டைத் தோண்டியெடுத்து, அதன்மேல் கட்டிய பாட்டு அது.

கடைசியாக, இரு பெயர்களுக்கும் நடுவே நிற்கும் சிறு சொல். உறையில் 'டிரிக்கி வெர்சஸ் கிரேவ்டிகாஸ்' என்றிருக்கும். நீதிமன்றத்திலும் விளையாட்டுத் திடலிலும் பகையைக் குறித்துப் பழகிய 'வெர்சஸ்', இலத்தீனில் 'திரும்பிய, நோக்கிய' என்ற பொருளே உடையது. ஏர் திரும்பித் திரும்பி உழும் சாலுக்கும், அதைப்போல மடங்கி மடங்கி வரும் செய்யுளடிக்கும் அதே வடிவம்தான் பெயர். ராப் பாடகர்கள் எழுதும் 'வெர்ஸ்' அதன் பிள்ளை. சாலும் வரியும் குழியும் மறுபடி ஒன்றாகிவிட்டன, பாருங்கள். ஜமைக்காவின் ஒலிபெருக்கிக் குழுக்கள் ஒன்றையொன்று எதிரிட்டு இசைத்த மரபில் பகையும் கூட்டும் கலந்த பொருள் இச்சொல்லுக்கு ஏற்பட, இசைத்தட்டு உறைகளில் அது 'இருவரும் சேர்ந்து' என்றே ஆயிற்று.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டாம். எதிர்த்தலும் எதிர்கொண்டு வரவேற்றலும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி நம்முடையது. இத்தட்டைப் பற்றி எப்போதாவது எழுத நேர்ந்தால் 'டிரிக்கி எதிர் கிரேவ்டிகாஸ்' என்று எழுதுங்கள்; 'எதிராக' என்று நீட்டிவிடாதீர்கள்.