ஓட்டை போடத் தெரிந்தவர்கள்

தஞ்சாவூரில் எனக்கொரு நண்பர். வங்கி உத்தியோகம், கொஞ்சம் பூர்விக நிலம், ஒரே மகள். மகள் கேட்டாள் என்று கூடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்தார். இரண்டடி நீளம், 4 மில்லிமீட்டர் கண்ணாடி. வாராவாரம் வாளியில் மொண்டு தண்ணீர் மாற்றி மாற்றி இடுப்பு விட்டுப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முடிவுக்கு வந்தார். பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அதில் ஒரு குழாய். பழைய தண்ணீர் நேராகத் தென்னை மரத்துக்கு!

மீன்களை வாளிக்கு மாற்றினார். சுவரில் ஆணியடிக்க வைத்திருந்த டிரில் மெஷினை எடுத்தார். அழுத்தினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். ஓட்டை விழவேண்டிய இடத்திலிருந்து மூலை வரைக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான், தொட்டியின் கதை முடிந்தது. மகள் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

மறுநாள் அவரோடு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, கண்ணாடியைக் குத்தி ஓட்டை போட முடியாது. தேய்ச்சுத்தான் போடணும்."

நான் பி.காம். எனக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் மூக்குக் கண்ணாடியோடு சரி. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. துருவிக்கொண்டே போனால், அது கொண்டுபோய் நிறுத்திய இடம் பூம்புகார்!

சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூரெடுத்த காதை. புகாரின் வீதிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருகிறார் இளங்கோ. அதில் சங்கு அறுத்து வளையல் செய்கிறவர்களோடு ஒரே வீதியில் 'மணிகுயிற்றுநர்' என்றொரு கூட்டம். மணி கோப்பவர்கள் என்று உரை சொல்கிறது. மதுரைக்காஞ்சி இன்னும் நேரடி. மதுரைக் கடைத்தெருவில் 'திருமணி குயினர்' இருந்தார்கள் என்கிறது. குயினர் என்றால் துளையிடுகிறவர்கள். யோசித்துப் பாருங்கள். கோக்க வேண்டுமென்றால் முதலில் துளை வேண்டும். துளையில்லாத மணி வெறும் கூழாங்கல்தானே?

இதில் கண்ணாடி மணிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பூம்புகாரிலிருந்து கடலோரமாக வடக்கே போனால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அதே இடம். அங்கே கண்ணாடி மணி செய்தவர்கள் டிரில்லைத் தொடவே இல்லை. உருகிய கண்ணாடியை, நடுவில் துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்துவிடுவார்கள். ஆறியதும் சின்னச் சின்னதாக நறுக்கினால் மணி. ஓட்டை இலவசம்! இந்த வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை கிடைத்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். கண்ணாடி இளகியிருக்கும்போதே துளையை உண்டாக்கு, ஆறியபிறகு வம்பு வைத்துக்கொள்ளாதே. இதுதான் அவர்கள் கண்ட வழி.

ஆனால் கல்லை இப்படி உருக்கி இழுக்க முடியாதே?

காவிரியின் உபநதி நொய்யல். அதன் கரையில் கொடுமணல். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே தோண்டியபோது ஒரு பட்டறையே கிடைத்தது. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று விதவிதமான கற்கள். வேலை முடிந்த மணி, பாதி முடிந்த மணி, துளை போட்டது, போடாதது, எல்லாம் கலந்து கிடந்தன. பச்சைக்கல் என்கிற பெரில், கண்ணாடியைவிடக் கடினம். மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் ஐந்தரை, பெரில் ஏழரையிலிருந்து எட்டு. இரும்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் எதை வைத்துத் துளைத்தார்கள்?

விடை சொன்னவர்கள் யார் தெரியுமா? பல் டாக்டர்கள்! அமெரிக்காவைச் சேர்ந்த லியோனார்ட் கோரலிக், ஜான் குவின்னெட் என்ற இருவர். பல்லுக்கு அச்சு எடுக்கிற அதே சிலிக்கோன் பசையைப் பழைய மணிகளின் துளைக்குள் செலுத்தி, அச்சை உருவி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கருவி துளைத்ததோ அதன் கீறல் அப்படியே பதிவாகியிருக்குமில்லையா? இலங்கை மாந்தையில் கிடைத்த, கி.பி. 700-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட மணிகளில் வைரமுனை துளைத்த தடம் இருப்பதாக 1986-ல் எழுதினார்கள். 1988-ல் இந்தியாவிலிருந்து ரோம் வரை அந்த வைரத்தின் பயணத்தைப் பற்றி இன்னொரு கட்டுரை.

ரோம் என்றதும் பிளினி ஞாபகத்துக்கு வரவேண்டும். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பெரிய மனிதர். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று புலம்பியவர். (காமர்ஸ் படித்தவனுக்கு இது நன்றாகப் புரியும். வர்த்தகப் பற்றாக்குறை!) வைரச் சில்லுகளை இரும்பில் பதித்து எவ்வளவு கடினமான பொருளையும் குடைகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தியர்கள் நீளமான பெரில் கல்லைத் துளைத்து, தங்கம்கூடச் சேர்க்காமல், யானை முடியில் கோத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் எழுதினார். அப்பழுக்கில்லாத கல் என்றால் துளைக்காமல் விட்டுவிடவேண்டும் என்பதும் அவர் பதிவு செய்த கருத்து. ஏனென்றால் துளையிடும்போது உடைந்தால்? அதுவரை செதுக்கியது, தேய்த்தது, எல்லாம் குப்பை.

அந்த பயத்துக்கு மருந்தாகப் பிறந்ததுதான் நுட்பம். குஜராத்தின் கம்பாத்தில் பாரம்பரிய மணிக்காரர்கள் வேலை செய்யும் விதத்தை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். முனையில் இரண்டு வைரச் சில்லு பதித்த மெல்லிய கம்பி. அதைச் சுழற்ற ஒரு வில். துளையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு பக்கம் பாதி, திருப்பிப்போட்டு மறுபக்கம் பாதி. ஒரே பக்கமாகக் குடைந்துகொண்டே போனால், முனை வெளியே வரும் கடைசி நொடியில் சில்லு தெறித்துவிடும்.

கண்ணாடி ஏன் இப்படிச் சட்டென்று விரிகிறது என்பதை 1921-ல் விளக்கியவர் இங்கிலாந்தின் கிரிஃபித். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. அழுத்தமெல்லாம் அந்த விரிசலின் நுனியில் போய்க் குவிகிறது. நண்பர் அழுத்திய அழுத்து அங்கேதான் போய் உட்கார்ந்தது. கிரிஃபித் எழுதியது காரணம். மணிக்காரர்களிடம் இருந்தது கைப்பழக்கம்.

1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உருவானது. அதனால்தான் இன்றைக்கு வைரப்பொடி பூசிய பிட், ஹார்ட்வேர் கடையில் நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது. பெரியவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பொள்ளலான குழாய் மாதிரி இருந்தது. கூடவே பாடமும் நடத்தினார். "ஹாமர் மோடை அணைச்சிடுங்க. அடியில பலகை வையுங்க. ஓட்டையைச் சுத்தி களிமண்ணுல வரப்பு கட்டி தண்ணி நிறுத்துங்க. மெதுவா சுத்த விடுங்க, அழுத்தாதீங்க. பாதி போனதும் திருப்பிப் போடுங்க. டஃபன்டு கண்ணாடின்னா கிட்டயே போகாதீங்க, மொத்தமா நொறுங்கிடும்."

வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவதைத் தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒட்டுவதற்கு முன்னாலேயே, புதுக் கண்ணாடியைத் தனியாக மேஜைமேல் கிடத்தி ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. நடுவிலிருந்த வட்டம் பத்துப் பைசா மாதிரி கழன்று விழுந்தது. ஓரத்தில் ஒரு கீறல் இல்லை. மகள் கைதட்டினாள்.

உடைந்த பழைய கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்கு எடுத்துப் போகும்போது எனக்குக் கொடுமணல்தான் ஞாபகம் வந்தது. அங்கே மண்ணுக்குள் கிடந்த பாதி மணிகளில் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர் இருந்திருப்பார். ஒன்று உடைந்தபோது, 'டிக்' என்ற சத்தம் கேட்டு ஒரு நிமிடம் தலையில் கை வைத்துக்கொண்டு, அப்புறம் அடுத்த கல்லை எடுத்திருப்பார்.

அவர் கோத்துக் கொடுத்த மாலை எந்த ராணியின் கழுத்துக்குப் போயிற்றோ. நம் கைக்கு வந்திருப்பது உடைந்த கல்தான். வேலை தெரிந்த மனிதர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.